பெட்டி கீழேயே இருக்கட்டும்

லாட்ஜ் மாடிப்படியில் பாதி ஏறியதும் பவுலின் நின்றுவிட்டாள். முட்டி வலியால்தான் நிற்கிறாள் என்று முன்னால் போன மகள் லிடியா நினைத்துக்கொண்டு, "மெதுவா வாம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். வலி இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவள் நின்றது படியின் கைப்பிடி வளைவைப் பார்த்து. நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே வளைவில் ஒரு ஆணியில் மாட்டி அவளுடைய கல்யாணச் சேலையின் ஓரம் கிழிந்தது. ஆணியை யாரோ புண்ணியவான் பிடுங்கிவிட்டிருந்தான். அது இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் புது வார்னிஷையும் மீறித் தெரிந்தது. பவுலின் அதில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள்.

கீழே அவள் கணவர் ஆரோக்கியதாஸ் மேனேஜரிடம் ஆதார் அட்டைகளை நீட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் தீனதயாளன் நெற்றி நிறைய விபூதியும் குரல் நிறைய மரியாதையுமாக இருந்தார். "ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிங்களா சார்? கேக்கணும்னு ரூல்ஸு, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"நாப்பது வருஷம் முன்னாடி இதே எடத்துல கேட்டிருந்தா எனக்கே சந்தேகமாத்தான் இருந்துது," என்றார் ஆரோக்கியதாஸ். "இப்ப ஆமான்னு எழுதிக்கோங்க."

மேனேஜர் சிரித்தார். மேலே லிடியாவும் சிரித்தாள். பவுலினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சந்தேகம் உண்மையாகவே யாருக்கு இருந்தது என்பது அவளுக்குத்தானே தெரியும்.

நெற்றியில் 'ராஜகோபால் போர்டிங் அண்ட் லாட்ஜிங், 1936' என்று சுண்ணாம்பு எழுத்துகளோடு நிற்கும் கட்டிடம் அது. கடைவீதியில் இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட ஜவுளிக்கடையும் நகைக்கடையும் எழும்பிவிட்டன. நடுவில் இது மட்டும் பழைய மண்டி முதலாளி மாதிரி தொப்பையும் தூணுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு ஆபீஸ் வேலையாக வருகிற கூட்டம் ஜாஸ்தியாகி, மூடுகிற நிலையில் கிடந்த லாட்ஜுக்கு உயிர் வந்தது. முதலாளியின் பேரன்கள் ஏசி மாட்டினார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், வாசலில் 'பாரம்பரிய விடுதி' என்று பலகையும் வைத்தார்கள். அந்தப் பலகையை யாரோ போட்டோ எடுத்துப் போட, விழுப்புரத்தில் நர்ஸாக இருக்கும் லிடியா அதைப் போனில் பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கும் தம்பி டேவிட்டைக் கூப்பிட்டாள். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று இரண்டு பேரும் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து இந்த லாட்ஜ் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பிள்ளைகள் அவர்கள்.

கதை இதுதான். எண்பத்தைந்தாம் வருடம், ஐப்பசி மாதம். பவுலினுக்கு இருபது வயது, வடக்கனந்தல்காரி. மாப்பிள்ளை வெள்ளிமலை, நெடுஞ்சாலைத் துறையில் மலை ரோட்டைப் பார்த்துக்கொள்ளும் சாலைப் பணியாளர். கல்யாணம் கள்ளக்குறிச்சிப் பங்குக் கோவிலில். தாலி கட்டும்போது பிடித்த மழை விருந்து முடிந்து இலை எடுத்த பிறகும் விடவில்லை. மலைக்குப் போகிற சாயங்கால பஸ் வரவில்லை. மலையடிவார அணைக்கு மேலே ஒரு வளைவில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளை, "எந்த வளைவு? எத்தினி வண்டி மண்ணு இருக்கும்?" என்று கண்டக்டரை விசாரித்ததை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வடக்கனந்தல் வரை டவுன் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெண்ணின் அம்மா, "நம்ம வூட்டுக்கு வந்து படுங்க, காலைல போலாம்" என்று கெஞ்சினாள். மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "மாப்ள வூட்டு வாசப்படிய மிதிக்காத பொண்ணு தாய் வூட்டுக்குத் திரும்பறதா? எங்க வழக்கத்துல இல்ல" என்றாள். மறுநாள் போகிற பஸ்ஸும் வடக்கனந்தல் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே பவுலின் வீடு ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தும் அன்று ராத்திரிக்கு அந்த வாசல் அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. அம்மா தனியாக டவுன் பஸ் ஏறிப் போனாள்.

மழையில் மாட்டிக்கொண்ட ஊரே லாட்ஜுக்கு வந்திருந்ததால் மாடியில் ஒரே ஒரு ரூம்தான் கிடைத்தது. ஒன்பதாம் நம்பர். மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர், மணப்பெண்ணோடு பதினொரு பேர். பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே நடையில் சாக்கை விரித்து. கட்டிலில் மாமியார், பக்கத்தில் மருமகள், கீழே நாத்தனார்கள். படுப்பதற்கு முன் மாமியார் தன் முந்தானையையும் மருமகள் முந்தானையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். கேட்டதற்கு, "டவுனுல களவு ஜாஸ்தி" என்றாளாம். திருடன் வந்தால் மருமகளைத் தூக்கிப் போய்விடுவான் என்றா, மருமகளே போய்விடுவாள் என்றா என்று டேவிட் சின்ன வயதில் கேட்பான். அப்போதெல்லாம் பவுலின் பேச்சை மாற்றிவிடுவாள். காலையில் பஸ் ஏறினார்கள், சரிந்த இடத்தில் பஸ் நின்றது, அப்பா கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு மண் அள்ளினார், ரோடு திறந்தது, அம்மா வெள்ளிமலை வந்து சேர்ந்தாள். கதை அங்கே முடிந்துவிடும்.

பிள்ளைகளிடம் சொல்லாத ஒரு துண்டு உண்டு. விடியற்காலையில் மாமியார் அசந்த நேரம் பவுலின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு பின்கட்டுக்கு இறங்கி வந்தாள். அங்கே பெரிய அண்டாவில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. கருணாபுரத்திலிருந்து வேலைக்கு வரும் ஆயம்மாள் என்கிற பெண் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் பவுலின் அழுதுகொண்டே சொன்னாள்: "நான் வடக்கனந்தல்ல எறங்கிடுவேங்க்கா. மலைக்குப் போ மாட்டேன்." மலையை அவள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. அங்கே குளிர் எலும்பைத் தின்னும், அட்டை கடிக்கும் என்று கேள்வி. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் பன்னிரண்டு வயதுத் தம்பி ஜானும் தனியாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கவர்மெண்ட் வேலை என்று கோவில் உபதேசியார் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கழுத்தை நீட்டியாகிவிட்டது. ஆயம்மாள் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "மூஞ்சியக் கழுவு மொதல்ல" என்று ஒரு சொம்பு வெந்நீரைக் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அப்புறம் பஸ். மற்றவர்கள் சாமானெல்லாம் பஸ் கூரைமேல் கேரியருக்கு ஏறியது. கிளீனர் ஏணியில் நின்றபடி பவுலினின் பச்சை டிரங்குப் பெட்டிக்குக் கையை நீட்டினான். "பெட்டி கீழயே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் எதற்கு என்று மாமியார் கத்தினாள். அவர் காதில் வாங்காமல் பெட்டியைக் கொண்டுவந்து பவுலின் காலடியில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். புதுச்சேலை நனைந்துவிடும் என்று பார்க்கிறார் போல, இத்தனை கருமியா என்று அவள் நினைத்தாள். வடக்கனந்தல் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது அவள் கை பெட்டியின் பிடியில்தான் இருந்தது. ஆனால் ஜன்னலுக்குக் கீழே அம்மா நின்றாள். தூக்குப் போணியில் காப்பி, பக்கத்தில் நாலு அண்டைவீட்டுப் பெண்கள். "அதோ, நீலச் சட்டை போட்டிருக்கறாரே, அவருதான் எம் மருமவன்" என்று அம்மா காட்டியபோது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியை, அப்பா செத்த பிறகு பவுலின் பார்த்ததே இல்லை. கை தானாகப் பெட்டியை விட்டுவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது பவுலினுக்கு அறுபது. இந்த முறை அவள் பையில் ஒரு சாவி இருந்தது. அம்மா போய் பதினோரு வருடம் ஆகிறது. திருப்பூரில் இருக்கும் தம்பி ஜான் போன மாதம் வந்து, "நீயே வெச்சிக்கோக்கா, எனக்கு இன்னாத்துக்கு" என்று வடக்கனந்தல் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அம்மா கோத்திருந்த சின்ன மாதா சுரூபப் பதக்கம் இன்னும் அந்தச் சாவியில் தொங்கியது. மலை வீட்டுக்கு ரோட்டிலிருந்து பத்தொன்பது கல் படி. போன மழைக்காலத்தில் எட்டாம் படியில் வழுக்கி விழுந்தவளை நாலு பேர் கட்டிலோடு தூக்கி ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். வடக்கனந்தல் வீடு தரையோடு தரை. டாக்டரைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்கு நினைத்தால் பஸ். ஆனால் ஆரோக்கியதாஸ் வரமாட்டார். ரிடையராகி ஆறு வருடமாகியும் மழை விட்டதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே வளைவு வளைவாகப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன். மலையை விட்டு இறங்கினால் அவர் ஒரு மழைக்குக்கூடத் தாங்கமாட்டார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: நான் இனிமே மலைக்கு ஏறப் போறதில்ல, அப்பாகிட்ட அந்த லாட்ஜுலயே சொல்லிடறேன்.

ஒன்பதாம் நம்பர் இப்போது பாதியாகியிருந்தது. ஒரு பாதியைத் தடுத்து பாத்ரூம் கட்டிவிட்டார்கள். தேக்கு உத்திரங்களை மறைத்து வெள்ளை அட்டை அடித்திருந்தார்கள். ஆரோக்கியதாஸ் உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏதோ பாலத்தின் உறுதியைச் சோதிப்பவர் போலச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "பதினோரு பேரு எப்படித்தான் இந்த ரூம்லயும் நடையிலயுமா இருந்தோமோ" என்றார். லிடியா கட்டிலுக்கு மேலே தங்க நிறத்தில் நான்கும் சைபருமாகப் பலூன் ஒட்டியிருந்தாள். நான்கு மட்டும் காற்று இறங்கித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருந்தது. அவள் ஊத, அது தொங்க, கடைசியில் வெறும் சைபருக்குக் கீழேயே இரண்டு பேரும் கேக் வெட்டினார்கள். டேவிட் போனில் முகம் காட்டி, "அப்பா, அம்மாவுக்கு ஊட்டுப்பா" என்று கத்தினான். ஆரோக்கியதாஸ் ஊட்டினார். கிரீம் பவுலினின் மூக்கில் ஒட்டியது. அவர் தன் துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். அந்தத் துண்டில் மலை வீட்டு அடுப்புப் புகையின் வாசம் அடித்தது.

தீனதயாளன் கேக் வாங்கிக்கொள்ள வந்தபோது, "இங்க ஆயம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்களே" என்று பவுலின் விசாரித்தாள்.

"அவங்க போயி ஏழெட்டு வருஷம் ஆவுதும்மா. முப்பது வருஷம் இங்கதான் வேல செஞ்சாங்க." அவர் கேக்கைக் கையில் வைத்தபடியே நின்றார். "அவங்க பையன் போன வருஷம் அந்தக் கருணாபுரம் விஷச் சாராயத்துல போயிட்டான், தெரியுமில்ல. நல்லவேள, அதப் பாக்க அவங்க இல்ல."

ஒரு சொம்பு வெந்நீரின் சூட்டை பவுலின் உள்ளங்கையில் உணர்ந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை அந்த அக்காவிடம் சொல்லாமலே விட்டது அவளை என்னவோ செய்தது.

சாயங்காலம் லிடியா விழுப்புரத்துக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்து, "ம்மா, இன்னிக்கே சொல்லிடு. தள்ளிப் போட்டா உன்னால முடியாது" என்று கிசுகிசுத்தாள். பவுலின் தலையாட்டினாள். மகள் போன பிறகு இரண்டு பேரும் வெளிப்பக்கத்து நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைவீதியைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஆண்கள் சாக்கு விரித்துப் படுத்த அதே நடை. கீழே பூக்காரி முழம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரன் ஒருவன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். பவுலின் வாயைத் திறந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கத்தான் இருந்தாள்.

"அங்க பாரு, தண்ணி நிக்குது," என்றார் ஆரோக்கியதாஸ், ரோட்டைக் காட்டி. "எத்தினி கோடி போட்டு ரோடு போட்டா இன்னா, தண்ணி ஓட வாட்டம் பாக்க வாணாம்? நம்ம ரோட்ல ஒரு சொட்டு நிக்குமா?"

'நம்ம ரோடு' என்று அவர் சொன்ன விதத்தில், சொல்ல வந்தது அவள் வாயிலேயே கரைந்துபோனது. வெட்கக்கேடு. மண்சரிவில் மாட்டிக்கொண்டதைப் போல ஒரு வாக்கியம் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. இருவரும் தோசை வரவழைத்துச் சாப்பிட்டார்கள். ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் அணைக்கச் சொன்னார். "நம்ம மலையில இல்லாத ஏசியா" என்றார். அதற்கும் அவள் தலையாட்டினாள். கட்டிலில் படுத்ததும், "எங்கம்மா முடிச்சு போட்ட மாதிரி நானும் போட்டுடட்டா?" என்று சிரித்துவிட்டு அவர் உடனே தூங்கிப்போனார். அவள் வெகுநேரம் விழித்துக் கிடந்தாள்.

காலையில் அவளுக்கு முன்னால் அவர் எழுந்துவிட்டார். வழக்கம்போல மாத்திரை கொடுப்பதற்காக அவளுடைய பையைத் துழாவினார். பவுலின் கண் திறந்து பார்த்தபோது அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். ஒரு கையில் மாத்திரை அட்டை, இன்னொரு கையில் சாவி. மாதா சுரூபத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவர் கோபப்படுவார் என்றுகூட இல்லை; நாற்பது வருடத்தில் அவர் கோபப்பட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தாள்.

அவர் கேட்கவில்லை. மாத்திரையைக் கொடுத்தார், தண்ணீரைக் கொடுத்தார், சாவியை இருந்த இடத்திலேயே வைத்தார். "வா, பின்னாடி போயி பாத்துட்டு வரலாம்" என்றார்.

பின்கட்டில் அண்டா இருந்த இடத்தில் இப்போது துணி துவைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் வெள்ளைப் படுக்கைவிரிப்புகள். குட்டையான அந்தப் பழைய செங்கல் சுவர் மட்டும் அப்படியே இருந்தது. ஆரோக்கியதாஸ் அதன்மேல் கையை வைத்தார்.

"அன்னிக்கு இங்கதான நீ ஆயம்மாகிட்ட அழுதுகினு நின்ன."

பவுலினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சூடாகிவிட்டது. அந்த விடியற்காலையை அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட. பல்லு தேச்சுக்கினு இருந்தேன். வாய் நெறய பல்பொடி. துப்புனா சத்தம் கேக்குமே, நீ பயந்துடுவியேன்னு அப்படியே முழுங்கிட்டேன்." அவர் சிரிக்க முயன்றார். "மூணு நாளு வயிறு சரியில்ல. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. துவைக்கும் மிஷின் குலுங்கிக்கொண்டு சுற்றியது.

"அதுக்குத்தான் பெட்டிய மேல ஏத்த வாணாம்னேன்," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "கேரியர்ல போட்டா, நீ எறங்கறப்ப கிளீனர் ஏறி, எல்லாம் எறக்கி, அதுக்குள்ள எங்கம்மா ஊரக் கூட்டிடும். காலடியில இருந்தா நீபாட்டுக்கு எடுத்துக்கினு எறங்கிடலாம் பாரு."

நாற்பது வருடமாக அந்தப் பெட்டியை வைத்து அவரை எத்தனை பேரிடம் கேலி செய்திருப்பாள். கருமி, கருமி என்று மகள் கல்யாணத்தில்கூடச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். ஒரு தடவைகூட, அப்படியில்லை என்று சொன்னதில்லை.

"எறங்கியிருந்தா?" என்று கேட்டாள். "எறங்கியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். இந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் தன்னிடமே கேட்டுக்கொள்ளாதவர் போல இருந்தது அவர் முகம்.

"ரோட்ல மண்ணு கெடந்துதே," என்றார். "மொதல்ல அத அள்ளியிருப்பேன்."

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பவுலின் அவர் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள், பிடித்தும் கொண்டாள். படுக்கைவிரிப்பு எடுக்க வந்த பெண் அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அப்போதும் விடவில்லை.

தீனதயாளன் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அம்பதாவதுக்கும் இங்கேயே வரணும் என்றார். பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை வண்டி நின்றுகொண்டிருந்தது. இப்போது கூரைமேல் கேரியர் கிடையாது. தலைக்கு மேலே கம்பித் தட்டுதான். பவுலின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆரோக்கியதாஸ் தன் பையைத் தூக்கித் தட்டின்மேல் தள்ளினார். அவள் பையையும் தூக்கினார். தூக்கியவர் ஒரு கணம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குனிந்து, அவள் காலுக்குப் பக்கத்தில், பிடி அவள் பக்கமாக இருக்கும்படித் திருப்பி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் "ரெண்டு வெள்ளிமல" என்றார். டிக்கெட்டில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பையில்தான் விட்டுக்கொடுத்தார்.

பஸ் கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பியது. வழியெல்லாம் கரும்பு, மரவள்ளி, நடவு முடிந்த வயல்கள். தூரத்தில் மலை, இடுப்பில் மேகம் சுற்றிக்கொண்டு நின்றது. பவுலின் மலையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் எதிரே இருந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் மயிர் முழுக்க வெளுத்திருந்தது. அன்றைக்கும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு இப்படித்தான், திரும்பிப் பாராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். வயிற்றில் பல்பொடியோடு. அன்றைக்கு அம்மாவின் முகத்துக்காக அவள் இறங்கவில்லை. அதைத் தனக்காக என்றே அவர் எடுத்துக்கொண்டிருப்பாரோ? அல்லது அதுவும் தெரிந்துதான் இத்தனை வருடம் இருந்தாரோ? கேட்கலாம்தான். இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

முட்டி விண்விண் என்றது. பத்தொன்பது கல் படிகளும் அவள் கண்முன் வந்தன, எட்டாவது படியின் பாசியோடு. அதற்கு மேலே, அடுப்பை மூட்டி வைத்துவிட்டு, மண்வெட்டியோடு போனவர் இன்னும் வரவில்லையே என்று அவள் நிற்கும் அந்த இடமும் வந்தது. இனி அந்த இடத்தில் யார் நிற்பார்கள்? அந்தப் படிகளில் ஏறவும் தன்னால் முடியாது, அந்த இடத்தை விட்டுவிட்டு இருக்கவும் முடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தும் பயனில்லாமல் இருந்தது.

வடக்கனந்தல் எல்லைக் கல் வந்தது. பின்சீட்டில் யாரோ மூட்டையை நகர்த்தினார்கள்.

"உங்க பைய எறக்குங்க," என்றாள் பவுலின்.

அவர் திரும்பினார். "எதுக்கு?"

"எறக்குங்களேன்." தன் பையைத் துழாவிச் சாவியை வெளியே எடுத்தாள். சுரூபம் ஆடியது. "பூட்டு துருவேறிக் கெடக்குதுன்னு ஜான் சொன்னான். என் கையால அது தொறக்காது."

"தொறந்துட்டு?"

அவள் சுரூபத்தின் ஆட்டத்தை விரலால் நிறுத்தினாள். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

ஆரோக்கியதாஸ் எழுந்தார். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டிலிருந்து தன் பையை இழுத்தார். அதை அவள் பைக்குப் பக்கத்தில், கீழே வைத்தார். "வடக்கனந்தல் எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பிரேக் போட்டதும் இரண்டு பைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. ஜன்னலுக்கு வெளியே, அன்றைக்கு அம்மா தூக்குப் போணியோடு நின்ற இடத்தில், வெயில் மட்டும் நின்றது.

விசில் இன்னும் ஊதவில்லை. அவர் குனிந்தார். முதலில் அவள் பையின் காதைத்தான் பிடித்தார்.